கீழே யார்

நாரினில் இரவு பதினொன்று. திரையில்
பேராசிரியரின் முகம் உறைந்துவிட்டது, குரல் மட்டும் வருகிறது:
"விகிதம் என்றால், கோட்டுக்குக் கீழே யார்?"

மேலே பதினாலு. எழுதிவிட்டேன்.
காய்ச்சலோடு என் மருந்தகத்துக்கு வந்தவர்கள்.
கீழே எழுத வேண்டியவர்கள்
மலைமேல் இருக்கிறார்கள், ஆடுகளோடு.
ஊர்ப் பட்டியலில் இருப்பதெல்லாம்
குளிர்கால முகவரி.

நான்கு சனிக்கிழமை. இரவல் குதிரை.
கூடாரம் கூடாரமாய் அதே கேள்வி:
பாலைக் காய்ச்சுவீர்களா? குட்டி இழுக்கும்போது கையுறை?
சிரித்தார்கள்.
காய்ச்சாத பாலைக் கிண்ணத்தில் நீட்டினார்கள்.
குடித்தேன். மறுத்தால் அடுத்த பதில் வராது.

கடைசிக் கூடாரம் புருல்ச்சாவுடையது.
நான் இறங்கிய விதத்தைப் பார்த்து
"இடுப்பு எத்தனை நாளாய்?" என்றாள்.
மடிக்கணினி முன்னால் உட்கார்ந்த வலி என்றேன்.
"ராத்திரி வேர்க்கிறதா?"

வேர்க்கிறது.
தம்பியின் ஆடுகள் ஈன்ற வாரத்திலிருந்து.
மூன்றாம் பாடத்தில் இருக்கிறது இது,
மஞ்சள் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

நாளை ஒப்படைக்க வேண்டும்.
கீழே இருநூற்றுப் பதினொன்று.
என்னைச் சேர்க்கவில்லை.
மேலே பதினைந்தா என்பதை
ரத்தம் பார்த்துத்தான் எழுத வேண்டும்.
ஊசி இருக்கிறது. என் கையில்
எனக்கு நரம்பு கிடைக்காது.
விடியட்டும், குலாசுல் வருவாள்.