இன்னும் வரவேண்டியவை

‘அவசரம்’ என்று எழுதினேன், அழித்தேன்.
அந்தச் சொல்லுக்கு முழங்கை உண்டு,
வாசலில் நிற்பவரை இடித்துவிடும்.
‘தயவுசெய்து’ இரண்டு முறை வந்தால் கெஞ்சல்.
ஒருமுறை போதும்,
அதுவும் நடுவில், கண்ணில் படாத இடத்தில்.

டுலூத் துறைமுகத்தில் பனிக்கட்டி உடைந்துவிட்டது.
இரும்புத்தாது ஏற்ற வந்த முதல் கப்பல்
பாலத்தைத் தூக்கச் சொல்லி ஊதுகிறது.
பாலம் உடனே அதே ஒலியில் பதில் சொல்கிறது.
பொறாமையாக இருக்கிறது.

அன்புள்ள பிரிட்டா, அன்புள்ள டேரல்,
உங்கள் வீட்டுக்கடன் கோப்பில் இன்னும் இரண்டு வரவேண்டும்.

ஒன்று, பிப்ரவரி வங்கிக் கணக்கின் நான்காம் பக்கம்.
அது வெற்றுப் பக்கம்தானே என்கிறீர்கள். தெரியும்.
‘இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது’
என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.
ஒன்றுமில்லை என்பதற்கும்
எங்களுக்கு அத்தாட்சி வேண்டியிருக்கிறது.

மற்றது, பிரிட்டாவின் அப்பாவுடைய கடிதம்.

முதல் நினைவூட்டலுக்கு
ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.
இரண்டாவதற்கு டேரல் போனில் வந்தான்,
பின்னால் யாரோ ஆணி அறையும் சத்தம்.
‘பதினோராயிரத்து நானூறு டாலரையும்
அன்றே கொடுத்துவிட்டார், லொரெட்டா.
கையெழுத்துதான் போடமாட்டேன் என்கிறார்.’
ஏனாம்?
‘பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கவில்லை என்று
அதில் எழுதியிருக்கிறதாம்.
எதிர்பார்க்கிறேனே, எப்படிப் போடுவது என்கிறார்.’

பதினேழு வருடமாக
அந்தக் கடிதத்தை அச்சிட்டுக் கொடுக்கிறேன்.
அப்பாக்கள், அத்தைகள், ஒருமுறை ஒரு முன்னாள் கணவர்,
எல்லோரும் பேனாவைத் தேடினார்கள், போட்டார்கள், போனார்கள்.
படித்துப் பார்த்த முதல் ஆள்
ஐனோ கின்னூனன்.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு
வட்டி விகிதத்தின் பூட்டு கழன்றுகொள்ளும்.
கால் சதவீதம் ஏறினாலும்
முப்பது வருடம் சுமப்பார்கள்.
இதைப் பயமுறுத்தாமல் சொல்ல
என்னிடம் சொல் இல்லை.
‘அன்புடன் கவனத்திற்கு’ என்று போட்டேன்.
கவனத்திற்குச் சரி. அன்பு எங்கிருந்து வந்தது?

மூன்றாவதை அவருக்கே எழுதினேன்,
காகிதத்தில், பெரிய எழுத்தில்:
திரு. கின்னூனன்,
இது வங்கி கேட்கும் கேள்வி, உங்கள் மகள் கேட்பதல்ல.
பணத்தைப் பற்றி மட்டும்தான் கேட்கிறோம்.

வியாழன் மதியம் ஒரு படம் வந்தது.
பூப்போட்ட ரெக்ஸின் விரிப்பு, காப்பிக் கோப்பையின் வட்டக்கறை,
நடுவில் கடிதம்.
தாளைக் கிழிப்பது போல் அழுத்திய கையெழுத்து.
அதற்குக் கீழே பென்சிலில்:
பணம் வேண்டாம்.
ஞாயிற்றுக்கிழமை வரணும்.
சவுனா சூடாக இருக்கும்.

கூடவே நான்காம் பக்கமும் வந்திருந்தது.
குறையேதும் இல்லாத வெறுமை.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.
‘அது நிபந்தனை, லொரெட்டா. செல்லாது.’
ஆமாம், நிபந்தனைதான்.
சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு
நான்காவது நினைவூட்டலைத் தொடங்கினேன்.

அன்புள்ள திரு. கின்னூனன்,
கடிதம் கிடைத்தது, மிக்க நன்றி.
பென்சில் வரிகள் இல்லாமல்
இன்னொரு பிரதியில் கையெழுத்திட்டு எங்களுக்கு அனுப்புங்கள்.
இப்போது அனுப்பியதை, தயவுசெய்து, அழிக்காமல்
மகளுக்கு அனுப்புங்கள்.
முதலாவது நாளை ஐந்து மணிக்குள்.