தொகுதி பதினான்கு

முதலில் மூக்குத்தியைக் கழற்றி
சோப்புப் பெட்டிக்குள் வைப்பேன்.
குடுவைகளைக் கழுவுவது ராஜதிராவகம்;
பொன்னென்றால் அதற்குப் பசி.
நோம்தாண்டாசோவுக்குக் கழற்ற ஒன்றுமில்லை.
கார்லட்டன்வில் சுரங்கத்தில் அவள் அப்பா
பதினேழு ஆண்டு தோண்டினார்.
பொன் கப்பலேறியது,
தூசி மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது.
"நாம் செய்வதும் தூசிதானே, வஷ்னி?
அதைவிடப் பொடி."
பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்த்தேன்.

வெளிர் மஞ்சள் கொதிக்கிறது.
சிட்ரேட் விழுந்ததும் நிறம் செத்து
ஒரு கணம் மசியாய்க் கறுத்து
பிறகு சிவக்கிறது,
மாதுளை, பீட்ரூட் ரசம்,
ஆய்வேட்டில் உவமை எழுதக் கூடாது.
ஐந்நூற்று இருபது நானோமீட்டர் என்று எழுதினேன்.

ஆறவிட்டுப் பாதியைப் பிரித்து
பாலிமர் சேர்த்துக் கலக்க வைத்த அரைமணியில்
டர்பனுக்கு மின்வெட்டு முறை.
காந்தக் கலக்கி நின்றது, குளிர்பெட்டி நின்றது.
வெஸ்ட்வில் கூரைகளில்
குரங்குகள் மட்டும் வேலையை விடவில்லை.
குடுவையைக் கையிலெடுத்து
இரண்டு மணிநேரம் மாற்றி மாற்றிச் சுழற்றினோம்,
சூடான பால்புட்டியை ஆற்றுகிறவர்கள் மாதிரி.

மறுநாள் மிச்சப் பாலிமரைக் கழுவி நீக்கி
இரத்தத்தில் உள்ள அளவுக்கு உப்பு.
போர்வையில்லாத பாதி
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நீலமாகி
அடியில் படிந்தது.
போர்த்திய பாதி சிவப்பாகவே நின்றது.
உப்புக்கு அஞ்சவில்லை,
உடம்புக்குள் போகலாம்.
போகலாமா?

சிறுநீரகச் செல்களைக் கேட்டோம்.
ஓரிரவு முழுக்க அவை பொன்னோடு கிடந்தன.
இந்தச் சோதனையில் மஞ்சள் ஊதாவானால் உயிர்.
நேற்று நீலத்தைக் கண்டு முகம் சுளித்தவர்கள்
இன்று ஊதாவுக்குத் தவம் கிடந்தோம்.
பொன்னின் சிவப்பும் கணக்கில் நுழைந்து பொய் சொல்லும்;
அதைக் கழித்தோம். மறுபடி கழித்தோம்.

எல்லாக் குழிகளும் ஊதா.
செல் இட்ட ஒரு குழியில் மட்டும்
மஞ்சள் அப்படியே.
"பிப்பெட் பிசகியிருக்கும்" என்றேன்.
அவள் தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்,
எத்தனையோ எக்ஸ்ரே படங்களைப்
பிடித்துப் பார்த்த கை.

"பாதுகாப்பானது" என்று எழுத
'பா' வரை வந்திருந்தது என் பேனா.
புதுக் குடுவையில் பதினைந்து என்று
அவள் சீட்டு ஒட்டுகிற சத்தம்.

சோப்புப் பெட்டி எங்கே வைத்தேன்?