பின் அச்சு

கஜிந்தனின் டீ.எக்ஸ். வாகன்
நாலு மரக்குத்தியில் நிற்கிறது.
மல்லாவி வீதிக் கொட்டகைக்குள்
அதற்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன்.
என் முகத்துக்கு மேலே
நாற்பது வருசத்துச் சேறு.

கலியாணங்களுக்கு ஓடின கார்.
பிறகு வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடினது.
மண்ணெண்ணெயிலும் ஓடினதாம்,
தாங்கி இன்னும் மணக்குமாம்.
மணந்து பார்த்தேன்.
டீசல் மணத்தது. அது என் கை.

இப்போது இது பக்கவாட்டில் ஓடவேணும்.

பக்கவாட்டில் என்றால்?
தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்து
பிடியில் விரலைக் கொளுவிச் சுழற்றிக் காட்டினான்.
கொஞ்சம் சிந்தியது.
விளங்கிவிட்டது.

வில்லுத்தகடு ஐந்தும் கழன்றன.
யூ போல்ட் ஒன்று வர மறுத்தது,
அதைக் கிரைண்டருக்குக் கொடுத்தேன்.
இனிப் பின் அச்சைப் பிடிக்க நாலு கை வேணும்:
கீழே இரண்டு நீளம், மேலே இரண்டு குட்டை.
அச்சு இடம் வலம் அலையாமல்
குறுக்கே இன்னுமொன்று.
மேல் கைகளுக்கு உழவு மெசினின் டொப் லிங்க்,
ஒட்டுசுட்டான் பழைய இரும்புக்காரரிடம்
கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கினது.
கலப்பையை எந்தச் சரிவில் பிடிப்பது என்று
முறுக்கி முறுக்கிப் பழகின உருக்கு
இனி டிப்ரன்சலின் மூக்கை
இரண்டு பாகை தாழ்த்திப் பிடிக்கும்.
வயலுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம்
அதுக்குத் தெரியாது.

டிப்ரன்சலுக்குள் குட்டிப் பற்சில்லுகள்.
வளைவில் ஒரு சில்லு மெல்ல உருள
மற்றது விரைய
விட்டுக்கொடுப்பதே அவற்றின் தொழில்.
எல்லாவற்றையும் ஒன்றாய் ஒட்டினேன்.
இனி இரண்டு சில்லுக்கும் ஒரே பேச்சு.
சந்தியில் திருப்பினால் டயர் சிணுங்கும்,
பெற்றோல் செட்டில் சனம் திரும்பிப் பார்க்கும்.
"பரவாயில்லை அக்கா."

செஸியை உரஞ்சும்போது
தாருக்குக் கீழே பழைய ஒட்டு ஒன்று வந்தது.
பீப்பாய்த் தகடு. ஓரத்தில் பச்சை மிச்சம்.
ஒரு கை அகலம்.
நாலு பக்கமும் பூரானின் முதுகுபோல்
பிசகாத வரி.
கரண்ட் இல்லாத காலம். எதை வைத்து ஒட்டினார்,
எந்த மரத்துக்குக் கீழே கிடந்து?
அவசரத்தில் ஒட்டினதில்லை,
அது மட்டும் தெரிந்தது.
ஆனால் கொயில் ஸ்பிரிங்கின் கிண்ணம்
சரியாய் அந்த இடத்தில்தான் உட்காரவேணும்.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
வெட்டினேன்.
தகட்டை எடுத்து வைத்தேன் என்று எழுதினால்
வடிவாய் இருக்கும்.
எறிந்துவிட்டேன்.

ஞாயிறு.
அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம்,
அரிசி ஆலை பூட்டியிருந்தது.
நெல் காயப்போடும் சீமெந்துத் தளம்.
காவலாளி மரியநாயகம் கேற்றைத் திறந்து
"கூட்டிப்போட்டுத்தான் போகவேணும்" என்றார்.

இரண்டாம் கியர்.
ஹான்ட் பிறேக் ஒரு இழுவை.
பின்பக்கம் போய்விட்டது,
வழுக்கிப் போனதில்லை,
சொன்ன இடத்துக்குப் போனது.
முன் சில்லுகள் ஒரு திசையைப் பார்க்க
காரின் மூக்கு வேறொன்றைப் பார்க்க
கஜிந்தன் பக்கக் கண்ணாடியால்
என்னைப் பார்த்தான்.
வெடிப்புகளில் தங்கின நெல்மணிகள்
புகைக்குள் துள்ளின.
நான் பல்லைக் கடித்துக்கொண்டு
என் ஒட்டுகளை எண்ணினேன்.

ஏழாம் சுற்றில் டங் என்றது.

குறுக்குக் கையின் தாங்கி.
என் ஒட்டு விடவில்லை.
அதற்கு அரை விரல் தள்ளி
நான் சூடாக்கின பழைய தகடு கிழிந்திருந்தது.

"உங்கட பிழை இல்லைத்தானே?"
என்ர பிழைதான்.
முழுப் பாரத்தையும் ஒரே புள்ளியில் இறக்கினேன்.
தகடு வைத்துப் பரப்பியிருக்கவேணும்,
ஒரு கை அகலத்துக்கு.

தும்புத்தடியால்
டயர்த் தூளையும் நெல்லையும் கூட்டிக் குவித்தோம்.
கோழிக்கு என்று மரியநாயகம் ஒரு பிடி அள்ளினார்.
மணந்து பார்த்தார்.
திரும்பக் கொட்டினார்.