டி டிரைவில் இடமில்லை

அங்கேரிபாளையம், மூன்றாவது வீதி.
கீழே பன்னிரண்டு தலை எம்பிராய்டரி மெஷின்.
மேலே, தகரத்தின் சூட்டுக்குக் கீழே,
நானும் ஒரு கம்ப்யூட்டரும்.

பூவைத் தையல் தையலாகப் பிரித்துப்
பென்டிரைவில் இறக்கி அனுப்புவேன்.
படிக்கட்டு வழியாகப் பிதாம்பரின் குரல் ஏறிவரும்:
"அக்கா, ரெண்டு இருக்கு. எந்தது?"
ஒன்றுதான் போட்டேன்.
என் திரையிலும் ஒன்றுதான்.
இறங்கிப் போய்ப் பார்த்தால்
மெஷினின் உள்ளங்கை அகலத் திரையில்
பூவுக்கு மேலே குந்தியிருக்கிறது
கூப்பிடாமல் வந்த ஒறம்பரை,
சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்.
அதைத் தொட்டால் பன்னிரண்டு ஊசியும் நிற்கும்.

அழித்தேன்.
அடுத்த தரம் செருகியபோது
முன்னைவிட முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

இதற்கு நடுவில் சென்னியப்பன்:
"டி டிரைவ் செவந்து போச்சாமே அம்மிணி,
வேண்டாததக் கழிச்சு உடு.
புதுசெல்லாம் அடுத்த ஆர்டர் வந்தாப் பாக்கலாம்."

மறைத்ததைக் காட்டு என்று ஒரு டிக்.
போதவில்லை.
காவலில் இருப்பதையும் காட்டு என்று இன்னொன்று.
நிசமாகத்தானா என்று கேட்டது.
நிசமாகத்தான்.
எழுந்து வந்தன,
நாலு தண்ணி கண்ட சாயம் மாதிரி
வெளுத்த மஞ்சளில்.

முதல் உறையைத் திறந்தால்
அனுமதி இல்லை.
யாரிடம் வாங்குவது?
சிஸ்டத்திடம்.
கரண்டு பில் சென்னியப்பன் கட்டுகிறார்,
விரல் என்னுடையது,
கழுத்து வலியும் என்னுடையது.
இந்த சிஸ்டம் யாருங்க, எந்த ஊர்?

இரண்டாவது, குப்பைத்தொட்டி.
என் குப்பையை நான் கொட்டினால்
என் குப்பை மட்டும்தான் போகும் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
உள்ளே மூன்று பேர் இருந்தார்கள்,
பேராக இல்லை, நீள நீள எண்களாக.
எல்லாம் ஒன்றுபோல ஓடி
கடைசியில் மட்டும் பிரிகின்றன.
ஆயிரத்து ஐந்து நான்.
ஆயிரத்து ஒன்று முதலாளி.
ஆயிரத்து இரண்டு?

பூங்கோதை.
போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில்
போனஸ் வாங்காமல் போனவள்.
அவள் கணக்கை எடுத்தாயிற்று, பாஸ்வேர்டை எடுத்தாயிற்று,
அவள் பேரை எடுத்தாலே
முதலாளி வேறு பக்கம் பார்ப்பார்.
எண்ணை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கருப்புத் திரையில் தட்டித் தட்டி நுழைந்தேன்.
சாம்பிள் போட்டோ ஏழாயிரம்.
ஒரு குழந்தை கவுனுக்கு 'கவின்யா' என்று பேர்த் தையல்,
ஆறாயிரத்து இருநூற்று நாற்பது குத்து.
பிறகு ஒரு எக்செல்.

நவம்பர் மூணு, ராத்திரி பன்னெண்டு வரைக்கும், நாலு மணி.
நவம்பர் நாலு, ரெண்டு வரைக்கும், ஆறு மணி.
கீழே கீழே போகிறது.
கடைசி வரியில், நூற்றுப் பதினெட்டு.
பக்கத்துக் கட்டம் காலி.
அவளே எழுதி
அவளே எறிந்திருக்கிறாள்,
வேலையை விட்ட நாளுக்கு முந்தின நாள்
மாலை ஐந்தே முக்காலுக்கு.

போட்டோக்களை அழித்தேன்.
முப்பத்தொரு ஜிபி.
சிவப்பு நீலமானது.
"ஆச்சுங்களா?" என்றார்.
ஆச்சுங்க.

எக்செல்லை மட்டும்
'பழைய நூல் ஷேட்' என்று புது உறை போட்டு வைத்து,
வலது கிளிக்,
மறை என்கிற அந்த டிக்கை
முதல் முறையாக நானே வைத்தேன்.
அவள் நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே
ஒரு வரி விட்டு
நேற்று ராத்திரி, மூன்றரை மணி.
அதற்கு முந்தின நாள் சரியாக ஞாபகமில்லை.
இரண்டு என்று போட்டேன், குறைவாகவே இருக்கட்டும்.

"அக்கா, மறுபடி ரெண்டு இருக்கு."

இருக்கட்டும் பிதாம்பர்.
கீழ இருக்கறத அமுத்து.