மேல்விலங்கு

நாற்பத்தேழாம் பக்கத்தில்
சிவம் என்பது சவம் என்று விழுந்திருந்தது.
சிவப்பு மையில் வட்டமிட்டு
மேல்விலங்கைப் போட்டேன்.
புத்தகம் தந்திரம் பற்றியது.
எழுதியவர் மின்வாரியத்தில்
கணக்கராய் இருந்து ஓய்வுபெற்ற தெய்வசிகாமணி.
ஃபாரத்துக்கு எனக்கு எண்பது ரூபாய்.

அடுத்த வரியில் அவரே சொல்கிறார்:
அந்தச் சின்ன வளைவுதான் சக்தி,
அது ஏறாவிட்டால் அவன் கிடப்பான், அவ்வளவுதான்.
பிழை தெரிந்தே விழுந்ததோ என்னவோ.
எனக்குச் சிரிப்பு வந்தது.

காமத்தைக் கொல்லாதே, அதன் பின்னால் ஓடாதே,
பக்கத்தில் உட்கார்ந்து விழித்திரு
என்கிறது ஐந்தாம் இயல்.
(ஒற்றுப்பிழை மூன்று.)
உடம்பைக் கோயில் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.
இவர் நடை சாத்தும் நேரத்தையும் எழுதியிருக்கிறார்.

கர்ப்பப்பை எடுத்துப் பதினோரு மாதம்.
சபாநடேசன் சிப்காட் ஷிப்ட் முடிந்து வருவார்,
சட்டையில் கந்தக வாடை.
கூடத்தில் தனிப்பாய்.
தொட்டால் எனக்கு வலிக்கும் என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
ஒருவேளை நான்தான்.

திருப்பாதிரிப்புலியூரில்
பள்ளியறைக்கு அம்மன்தான் போகிறாள், அவரைத் தேடி.
கெடிலத்துக் காற்று இருந்தால்
அந்த மணி எங்கள் தெருவரைக்கும் கேட்கும்.
இன்று கேட்டது.
புரூஃபை மடித்து வைத்தேன்.
ஆறு எட்டு தூரம்.

பாயின் ஓரத்தில் உட்கார்ந்து
அவர் மூச்சோடு என் மூச்சை விட்டுப் பார்த்தேன்.
"என்ன, தூங்கலையா?"
பதில் சொல்லாமல்
அவர் கையை எடுத்துத்
தழும்பின் மேல் வைத்தேன்.
கனமாக இருந்தது. நல்ல சூடு.

வெகுநேரம்
இரண்டு பேரும் விழித்துக்கொண்டே இருந்தோம்.
நாற்பத்தெட்டாம் பக்கம்
காலையில்தான்.