கப்பல் நேரம்

கப்பல் நிற்கும் நாளில் ரோசோ நகரம்
கொஞ்சம் குட்டையாகிவிடும்.
எங்கள் மாதாகோவில் கோபுரம்
அதன் இடுப்புக்குக்கூட எட்டாது.

குளிரூட்டிய பேருந்துகள் வரிசையாய் வந்து
சட்டையில் எண் ஒட்டிய மனிதர்களை
அள்ளிக்கொண்டு போகும்.
நான் பழைய சந்தைக்குப் பின்னால் நிற்பேன்.
என் வண்டியில் யாருக்கும் எண் கிடையாது.
ஆள் நிறைந்தால் கிளம்புவேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நால்வர் நடந்தே வந்தார்கள்.
அம்மாவின் கையில், தானே பேனாவால் வரைந்த வரைபடம்.
அப்பாவிடம் இரண்டு மணி,
ஒன்று மணிக்கட்டில், ஒன்று போனில்.
காதில் எதையோ செருகிய பெண், லின்னியா.
கழுத்தில் கப்பல் அட்டை ஆட எம்மெட், ஏழு வயது,
மூச்சு விடவும் நேரமில்லாமல் பேசுகிறவன்.

ஸ்காட்ஸ் ஹெட் போகுமா?
போகும்.
எவ்வளவு?
சொன்னேன்.
தலைக்கா, குடும்பத்துக்கா என்று
அந்த அம்மா மறுபடி கேட்டாள்.
இதே சாலைக்குக் கப்பலில் என்ன விலை என்று
எனக்குத் தெரியும். காட்டிக்கொள்ளவில்லை.

மிஸ் பிலிபெர்த்தா தன் சேப்பங்கிழங்கு மூட்டையை
அப்பாவின் மடியில் வைத்தாள், ஒரு வார்த்தை கேட்காமல்.
லூபியர் வளைவு முழுக்க
அவர் அதைக் கைக்குழந்தைபோலப் பிடித்துக்கொண்டார்.

சூஃப்ரியரில் கந்தக வாடை வந்ததும்
இங்கேயே இறங்குகிறோம் என்றாள் அம்மா.
அங்கே கடலுக்குள் மணல் சுடும்.
பாதத்தடியில் குமிழி விட்டு விட்டு வரும்,
மலை ஏதோ சொல்ல வந்து விழுங்குவதுபோல.
எம்மெட்டின் கூச்சல் நான் வண்டி திருப்பும் இடம்வரை கேட்டது.
லின்னியா காதில் இருந்ததைக் கழற்றினாள்.

மூன்றாம் நடையில் பார்க்கிறேன்,
நாலு பேரும் நடுச்சாலையில் ஈரத்தோடு ஓடிவருகிறார்கள்.
நாலரைக்குள் ஏற வேண்டும்! மணி நாலு!
கப்பல்காரரின் பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்குமாம்.
தன் காலில் போனவர்களுக்குக் காத்திருக்காதாம்.
விரட்டினேன்.
ஆட்டுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு, சிலிண்டர் வண்டிக்கு,
எல்லாவற்றுக்கும் ஹாரன்.
மூட்டை இல்லாத மடியை
அப்பா இறுக்கிப் பிடித்திருந்தார்.

பாயிண்ட் மிஷேல் தாண்டித்தான் எனக்கு உறைத்தது.
எந்த நாலு? உங்கள் நாலா, எங்கள் நாலா?

போன் தானாகவே எங்கள் நேரத்துக்கு மாறியிருந்தது.
கைக்கடிகாரத்தில் மணி மூன்றுதான்.
கப்பல், புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கழற்றாமலே
எங்கள் துறையில் நின்றுகொண்டிருந்தது.

சிரித்தார்கள். அம்மா கொஞ்சம் அழுதாள்.
யாரும் விற்காத ஒரு மணி நேரம்
கேட்காமலே மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கடற்சுவரோரம் நிறுத்தினேன்.
பொரித்த மாவு ரொட்டி, உப்பு மீன்,
எண்ணெய் ஊறிய காகிதம்.
நீ கப்பலில் போயிருக்கிறாயா? என்றான் எம்மெட்.
என் மகள் போகிறாள் என்றேன்.
எஸ்லினுக்குப் பதினெட்டு அறைகள், நாளுக்கு இருவேளை.
எத்தனையோ துறைமுகம் பார்த்துவிட்டாள்,
அடுத்தவர் படுக்கையை விரிக்கும்போது
பால்கனிக் கண்ணாடியில்
ஒரு துண்டு கடல், ஒரு துண்டு மலை.
இதையெல்லாம் பிள்ளையிடம் சொல்லவில்லை.

எங்கள் அறையில் தினம் ஒரு மிருகம் வரும் என்று
ஈரத் துண்டை இருக்கையில் விரித்து
யானை செய்யப் பார்த்தான்.
தும்பிக்கை சரிந்து சரிந்து விழுந்தது.
காது அப்படியில்லை, கொடு.
இரண்டு ஓரமும் உள்ளே சுருட்டி, நடுவில் மடக்கி...
போன விடுமுறையில் அவள் சமையல் மேசையில் செய்தது
கைக்கு மறக்கவில்லை.
உப்புநீர் சொட்ட
உட்கார்ந்தது யானை.

லின்னியா படம் எடுத்தாள்.
அந்த அம்மா என்னையே பார்த்தாள்,
ஏதோ கேட்க வந்து, கேட்கவில்லை.

கப்பல் ஊதியபோது எங்கள் மணி ஆறு.
கடைசி நடைக்கு ஆள் ஏறியாயிற்று.
ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிய மிஸ் கிளெமென்ஸா
வெள்ளைப் பாவாடையோடு
யானை இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து
எழுந்து
லூபியர்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.