எடை

சாந்தியாகோவிலிருந்து வந்த ஆய்வறிக்கை
பதினான்கு பக்கம்.
கெட்டில் கொதிப்பதற்குள் முடிவுரையைப் பார்த்துவிட்டேன்.
எடை வைத்துத் தைத்த மேலங்கி
பிள்ளைகளை அமரச் செய்வதற்குச்
சான்று இல்லை.

ஆறு ஆண்டில் பதினொன்று தைத்திருக்கிறேன்.
பைக்குள் பை, அதற்குள் மசூர் பருப்பு,
ஒருமுறை நீரிணைக் கரையின் கூழாங்கல்.
(துவைத்தபோது இயந்திரம் உடைந்தது.
அதற்குச் சான்று உண்டு,
ரசீதோடு.)

வெளியே புந்தா அரேனாஸில்
காற்று மணிக்கு நூற்றுப்பத்து.
நகராட்சி ஆட்கள் தெருமுனையில்
கயிறு கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான்
வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவான் யெர்கோ.
வயது ஏழு. சொற்கள் நான்கு.
அதில் ஒன்று
அவனைத் தவிர யாருக்கும் புரியாதது.

நன்கொடையாக வந்த படஅட்டைப் பெட்டி ஒன்று உண்டு.
எந்த நாட்டில் அச்சடித்தார்களோ,
'மழை'க்குச் சிவப்புக் குடை போட்டிருக்கிறார்கள்.
இங்கே குடை விரிப்பவர்
அதை அடுத்த தெருவில் போய்த் தேடுவார்.
'கிறிஸ்துமஸ்' அட்டையில் பனி.
எங்களுக்கோ டிசம்பரில்
இரவு பத்தரைக்கும் வெளிச்சம் போகாது.
யெர்கோ அட்டையைப் பார்ப்பான், பிறகு என்னை,
இது எந்த ஊர் என்று கேட்பதுபோல.

கேட்பதுபோல என்று எழுதக் கூடாது.
கண்டதை மட்டும் எழுது என்று
படிக்கும்போதே சொல்லித்தந்தார்கள்.
ஆகவே படிவத்தில்:
அட்டையின் மூலையைக் கடித்தான்.

போன வாரம் நானே ஓர் அட்டை வரைந்தேன்.
இரண்டு கம்பம், ஒரு கயிறு,
சாய்ந்து நடக்கும் ஓர் ஆள்.
அதையும் கடித்தான்.
ஆனால் மெதுவாக.

இன்று யாஸ்னா எதிரில் உட்கார்ந்ததும்
சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.
நண்டு ஆலையில் ஓடு கிழித்த விரல்களை
மேசைமேல் பரப்பி வைத்துக் கேட்டாள்.
கூரைத் தகரம் மட்டும் கொஞ்ச நேரம்
தடதடத்துக்கொண்டிருந்தது.
"அப்ப அந்தப் பருப்பை சூப் வச்சிரலாமா?"
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"ஒன்றரை கிலோ, மிலென்கா.
ரெண்டு வருஷம்.
அவன் மேல சும்மாவா கிடந்துச்சு?"

பதினான்கு பக்கத்திலும்
இதற்கு ஒரு வரி இல்லை.
மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன்,
அதன் எடை தெரியாமல்
திரும்ப வைத்துவிட்டேன்.

மேலங்கியைக் கழற்றினோம்.
கொக்கிகள் ஒவ்வொன்றாக,
அவன் கைகளைத் தூக்கித் தந்தான்,
தினமும் செய்வதுபோல.
தோளில் பட்டை பதிந்த இடம் இளஞ்சிவப்பு.
யாஸ்னா அதன்மேல் ஊதினாள்,
சூடு பட்ட இடத்தில் ஊதுவதுபோல.

அவன் மேலங்கியைத் தரையில் இழுத்துப் போனான்,
ஜன்னலுக்குக் கீழே போட்டான்,
அதன்மேல்
அமர்ந்தான்.

ஒரு நிமிடம். மூன்று. எட்டு.
அடியில் பருப்பு நொறுநொறுக்க
அசைந்து அசைந்து கேட்டான்.
பதினோராவது நிமிடம்
அந்த நான்காவது சொல்லைச் சொன்னான்,
எங்களுக்கல்ல, பருப்புக்கு.
நாங்கள் இரண்டு பேரும்
தேநீர் ஆறுவதைக்கூடத் தொந்தரவு செய்யவில்லை.

படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன:
உடுத்தினான். உடுத்த மறுத்தான்.
'மேல் அமர்ந்தான்' என்பதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுத இடமும் போதவில்லை,
அங்கே போன மாதத்து மழை அட்டை பற்றி
ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன்.

கிளம்பும்போது கேட்டேன்,
இங்கேயே விட்டுப் போகிறாயா என்று.
யாஸ்னா தலையசைத்து மறுத்தாள்.
மடித்துத் தன் பைக்குள் வைத்துத்
தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
முன்னே யெர்கோ,
ஒரு கையால் கயிறு, மறு கையால் காற்று.
பின்னே அவள், பை கனத்த பக்கம் சாய்ந்து,
அந்த வளைவில் ஆளைத் தூக்கும் வேகத்திலும்
கால் நகராமல்.

பருப்பினால்தானா
என்பதற்குச்
சான்று இல்லை.